முடிவு தெரிந்த சண்டை

நம் வளாகத்தில் பாதி வீடுகளிலாவது இந்த வாக்குவாதம் நடந்திருக்கும். பையன் டபிள்யூ.டபிள்யூ.இ. பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பக்கம் போகும் தாத்தா, "எல்லாம் பேசி வச்சுக்கிட்டு அடிக்கிறானுங்க, இதப் போயி பாக்குறியே" என்பார். "தெரியும் தாத்தா" என்று பதில் வரும், கண் திரையை விட்டு அகலாமலே.

அந்தத் "தெரியும்" என்ற சொல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தெரிந்தும் ஏன் பார்க்கிறோம்? முடிவு தெரிந்த சண்டையைப் பார்க்க வைப்பவன் நல்ல ஆட்டக்காரன் என்றால், அவனிடம் என்ன இருக்கிறது? பக்கத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவனுக்கு என்ன வேலை? கடலூரில் குடியிருக்கும் நாம் இதற்கு அமெரிக்கா வரை போகலாம்தான். ஆனால் இங்கிருந்து சிதம்பரம் போகும் வழியிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் தாத்தாக்களின் காலத்தைப் பார்ப்போம். யாராவது கொஞ்சம் முண்டா தட்டினால் "பெரிய தாராசிங்னு நெனப்பா?" என்று கேட்கிற வழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. பஞ்சாபில் பிறந்த தாராசிங் 1947-ல் சிங்கப்பூர் போய், அங்கே தொழில்முறை மல்யுத்தத்தில் இறங்கினார். 1954-ல் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம், 1959-ல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியென்கோவை வீழ்த்திக் காமன்வெல்த் பட்டம், 1968-ல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸை வென்று உலகப் பட்டம் என்று அவருடைய கணக்கு நீளும். ஆனால் நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தப் பெயர்கள் எதுவும் நினைவிருக்காது. ஒரே ஒரு பெயர்தான் சொல்வார்கள்: கிங்காங்.

கிங்காங்கின் உண்மைப் பெயர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர். 200 கிலோ என்று சொல்லப்பட்ட உடம்பு, தாடி, உறுமல். தாராசிங் அவரைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி எறிந்த கதையைச் சொல்லாத ஆள் இல்லை. அந்தக் கதையில் நாம் கவனிக்காமல் விடுவது கிங்காங்கின் பங்கு. அவ்வளவு பெரிய ஆள், தூக்குகிறவருக்கு உடம்பைக் கொடுக்காமல் பிணம் போல் கனத்துக் கிடந்தால் எந்தத் தாராசிங்காலும் தூக்க முடியாது. கூட்டம் தன்னை வெறுக்கும்படி நடந்துகொண்டு, பிறகு சரியான நேரத்தில் தோற்றவர் அவர். தாராசிங் 1987-ல் தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமாராக வந்தபோது நாடே கும்பிட்டது. அந்தப் புண்ணியத்தில் 1970-லேயே இறந்துபோன கிங்காங்குக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி.

சரி, மல்யுத்தம் ஏன் நாடகமாயிற்று? நிஜமாகவே மோதிக்கொண்டால் என்ன? அதற்கு காமாவின் கதை ஒன்று போதும். 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் நம் மாபெரும் பயில்வான் காமாவும் போலந்து வீரர் ஸ்பிஷ்கோவும் மோதினார்கள். காமாவின் பலத்தைக் கண்ட ஸ்பிஷ்கோ பாயில் குப்புறப் படுத்துவிட்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காமா அவரைப் புரட்டப் பார்த்தார், முடியவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் பார்த்ததெல்லாம் ஒருவர் படுத்திருப்பதையும் இன்னொருவர் தள்ளுவதையும்தான். ஆட்டம் சமன். அடுத்த வாரம் மறு ஆட்டத்துக்கு ஸ்பிஷ்கோ வரவேயில்லை. 1928-ல் பட்டியாலாவில் மறுபடி மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் காமா முடித்துவிட்டார். உண்மையான மல்யுத்தத்தின் சங்கடம் இதுதான்: ஒன்று மணிக்கணக்கில் இழுக்கும், அல்லது உட்காருவதற்குள் முடிந்துவிடும். அமெரிக்காவிலும் இதே கதை. 1920-களில் அங்கே சிலர் வேகமும் வீச்சும் கூட்டி, நேரம் குறித்து, முடிவையும் முன்பே தீர்மானித்து ஆட ஆரம்பித்தார்கள். கூட்டம் திரும்பி வந்தது.

இதை வெளியே சொல்லாமல் காப்பது தொழில் தருமமாக இருந்தது. "கேஃபேப்" என்று அதற்கு ஒரு ரகசியச் சொல்லே உண்டு. பகைவர்களாக ஆடுகிறவர்கள் வெளியில் ஒரே காரில்கூடப் போகமாட்டார்கள். கடைசியில் 1989-ல் அந்தக் கம்பெனியே நியூஜெர்சி மாநில சட்டமன்றத்திடம், "எங்களுடையது போட்டி இல்லை, கேளிக்கை" என்று ஒப்புக்கொண்டது. மனசாட்சி உறுத்தி அல்ல. போட்டி என்றால் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் கட்டணமும் உண்டு, கேளிக்கை என்றால் இல்லை! ஆனாலும் கூட்டம் குறையவில்லை. 90-களில் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் உயரம், எடை, மார்பளவு போட்ட மல்யுத்த வீரர் அட்டைகளைப் பெஞ்சுக்கு அடியில் வைத்து விளையாடியது அதற்குப் பிறகுதான். இன்று நாற்பதைத் தொடும் நம் வளாகத்து அப்பாக்களுக்கு அண்டர்டேக்கரின் உயரம் இன்னும் மறந்திருக்காது.

முடிவு தெரிந்த சண்டையை நாம் என்றைக்குக் குறைவாக நினைத்தோம், சொல்லுங்கள். சிதம்பரம் நடராஜர் கோயிலில் நிருத்த சபை இருக்கிறது. காளியோடு ஆடிய போட்டியில் சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கி வென்ற கதைக்கு உரிய இடம். தோற்ற காளி ஊரின் வடக்கு எல்லையில் தில்லைக் காளியாக இருக்கிறாள். நடராஜரைப் பார்த்தவர்கள் அங்கேயும் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ஐப்பசியில் சூரசம்ஹாரம். சூரன் தலையை ஆட்டி ஆட்டி வருவான். ஒவ்வொரு தலையாக மாறும். முருகன் தோற்றுவிடுவாரோ என்று யாரும் பயந்ததில்லை. ஆனாலும் வேல் பாயும்போது உடம்பு சிலிர்க்கிறது.

இவை எல்லாவற்றையும்விட மல்யுத்த மேடைக்கு நெருங்கியது நம் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் திருவிழா. ஊர் வழக்கில் "பாரதம் வைக்கிறது". பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தைச் சொல்லி விளக்குவார். இரவில் தெருக்கூத்து, விடிய விடிய. கடைசிக் காலை படுகளம், மாலையில் தீமிதி.

கூத்தில் வேடம் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, உள்ளேயிருந்து பாட்டும் சலங்கைச் சத்தமும் மட்டும் கேட்கும். முதலில் கிரீடத்தின் நுனி தெரியும். தான் யார், தன் பெருமை என்ன என்று திரைக்குப் பின்னாலிருந்தே பாடுவார். துரியோதனன் போன்ற வேடம் என்றால் இதற்கே நெடுநேரம் ஆகும். திரை விலகும்போது கூட்டம் நிமிர்ந்து உட்காரும். விளக்கை அணைத்து, மணி அடித்து, புகைக்கு நடுவே அண்டர்டேக்கர் நடந்து வருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

துச்சாதனன் வேடம்தான் கடினமானது. துகில் உரியும் இரவில் ஊரே அவனை வெறுக்க வேண்டும். அவன் இரக்கம் காட்டினால் ஆட்டம் செத்துவிடும். ஆனால் அவன் கை வைக்கப் போவது அம்மனாகவே ஊர் நினைக்கும் வேடத்தின் மேல். அதனால் பல ஊர்களில் அந்த நடிகர் சேலையைத் தொடுவதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் காட்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடர்வார். அந்த ஒரு நிமிடம் அவர் துச்சாதனன் இல்லை. கூட்டத்துக்கும் அது தெரியும். அடுத்த நிமிடம் மறுபடி பல்லைக் கடித்துக்கொண்டு வசைபாடுவார்கள். சண்டைக் காட்சிகளில் ஆடுகிறவர்களுக்கு ஆவேசம் வந்துவிடுவதும் உண்டு. பிடித்துக்கொள்ள ஆட்கள் பக்கத்திலேயே நிற்பார்கள்.

மல்யுத்த மேடையிலும் இந்தக் கற்பூரம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். ஒருவரைத் தூக்கிப் போடுகிறவர், போடும் கணம் வரை அவருடைய தலையையும் கழுத்தையும் தாங்கிக்கொண்டிருக்கிறார். விழுகிறவர் முகவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி, கைகளால் அறைந்துகொண்டு விழுகிறார். அந்தத் தரை இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, மெல்லிய மெத்தை, கித்தான் துணி, அவ்வளவுதான். வலி நிஜம். பிறகு பட்ட அடியைக் கூட்டம் நம்பும்படி துடித்துக் காட்ட வேண்டும். அதைத் தொழிலில் "செல்லிங்" என்பார்கள், அடியை விற்பது. எதிராளி கொடுத்த அடிக்குக் கொஞ்சம்கூட அசையாமல் நிற்கும் மல்லன் பலசாலியாகத் தெரியலாம். ஆனால் ஆட்டத்தைக் கெடுத்தவன் அவன். பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1957-ல் வெளிவந்த தன் நூலில், மல்யுத்தத்தைப் போட்டியாகப் பார்க்காதீர்கள், துன்பமும் தோல்வியும் நீதியும் கண்ணுக்குத் தெரியும்படி நடக்கும் காட்சியாகப் பாருங்கள் என்று எழுதினார். படுகளத்தில் மண்ணில் படுத்திருக்கும் பிரம்மாண்டத் துரியோதனனைப் பார்த்திருந்தால் அவர் இன்னும் நாலு பக்கம் எழுதியிருப்பார்.

இனி மைக் பிடிப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் டபிள்யூ.டபிள்யூ.இ. தமிழ் வர்ணனையோடும் ஒளிபரப்பானது. சிலருக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் மல்யுத்தத்துக்குத் தமிழ் வர்ணனை சங்க காலத்திலேயே உண்டு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மோதியதைப் புலவர் சாத்தந்தையார் புறநானூற்றின் 80-ஆம் பாட்டில் சொல்கிறார். ஒரு காலை மார்பில் ஊன்றியது, மறு காலால் பின்புறம் தடுத்தது என்று பிடியைப் படம் பிடிக்கிறார். அதோடு நிற்காமல், இதை அவன் தந்தை தித்தன் பார்க்க வேண்டுமே என்கிறார். தந்தைக்கும் மகனுக்கும் மனத்தாங்கல். ஒரே சொல்லில் குஸ்தி குடும்பக் கதை ஆகிவிட்டது. 82-ஆம் பாட்டில் சண்டையின் வேகத்துக்கு அவர் தரும் உவமை இன்றைய எந்த வர்ணனையாளருக்கும் வராது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவம், மழை வேறு, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் கட்டில் பின்னுகிறவன் கையிலுள்ள ஊசி எப்படிப் பறக்கும், அப்படி இருந்ததாம். அதே மல்லன் மேல் மனம் வைத்த நக்கண்ணையார் 85-ஆம் பாட்டில் வருகிறார். வெற்றி அவனுக்குத்தான் என்று ஒரு கூட்டமும் இல்லை என்று ஒரு கூட்டமும் சத்தம் போட, இவர் சிலம்பு ஒலிக்க ஓடிப்போய் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்த்து, வென்றது அவனே என்கிறார். நடுநிலையாவது மண்ணாவது!

கூத்தில் இந்த வேலையைச் செய்பவர் கட்டியங்காரன். முதலில் மேடைக்கு வருவார், கதையை அறிவிப்பார், வருகிற ராஜாக்களை "யார் நீங்க?" என்று கேட்டுப் பேச வைப்பார். ராஜாக்கள் செந்தமிழில் பாடினால் இவர் நம் தெருப் பேச்சில் பதில் சொல்வார். ஒரு நேரம் சேவகன், ஒரு நேரம் கோமாளி, ஒரு நேரம் ஊர்க்காரர். துரியோதனன் பக்கத்திலேயே நின்று அவனைக் கிண்டல் செய்ய அவருக்கு மட்டும் உரிமை. அமெரிக்க மேடையில் இதை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் நடப்பதைச் சொல்வார், மற்றவர் வில்லனுக்கு வக்காலத்து வாங்குவார். கொரில்லா மான்சூனும் பாபி ஹீனனும் அப்படி ஒரு ஜோடி. இருவரில் ஒருவர் வாய் ஓயாமல் பிடிகளின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுவோம். இவன் ஏன் இவனை அடிக்கிறான் என்பதைச் சொல்ல வேண்டும், மற்ற நேரம் கூட்டத்தின் இரைச்சலைக் கேட்க விட வேண்டும்.

ஆனால் வர்ணனையாளரின் உண்மையான தகுதி 1999 மே 23 அன்று கான்ஸஸ் சிட்டியில் தெரிந்தது. ஓவன் ஹார்ட் என்ற 34 வயது வீரர், வேடிக்கையான ஒரு பறக்கும் வேடத்தில் அரங்கக் கூரையிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டும். கொக்கி விடுபட்டு விழுந்தார். வீட்டில் பார்த்தவர்களுக்கு அந்த நேரம் வேறு பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் விழுந்தது தெரியவில்லை. வர்ணனையாளர் ஜிம் ராஸ் மைக்கில், இது நிகழ்ச்சியின் பகுதி இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வாழ்நாள் முழுதும் நடிப்பை நிஜம் என்று விற்ற குரல், இப்போது நிஜத்தை நிஜம் என்று நம்ப வைக்க வேண்டியிருந்தது. பிறகு அவர் இறந்துவிட்டார் என்ற செய்தியையும் ராஸே சொன்னார், குரலைத் தாழ்த்தி, ஒரு அலங்காரமும் இல்லாமல். கேட்டவர்கள் நம்பினார்கள். அரங்கில் இருந்தவர்களுக்கு மட்டும் சொல்லப்படவில்லை. மீதி ஆட்டங்கள் அதே மேடையில் நடந்து முடிந்தன. துச்சாதனனுக்காக ஆட்டத்தை நிறுத்தத் தெரிந்த நம் கூத்து வாத்தியார் எவரும் அன்று அதை அனுமதித்திருக்கமாட்டார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சோபாவிலிருந்து தம்பி மேல் குதிக்கும் பிள்ளையிடம் "அதெல்லாம் பொய்டா" என்று சொல்லாதீர்கள். பொய் என்றால் வலிக்காது என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். விழுவதற்கு மட்டுமே மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள், தூக்குகிறவனுக்குத் தாங்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள்.

சித்திரையிலிருந்து ஆடி வரை சுற்று வட்டாரக் கிராமங்களில் எங்காவது பாரதம் நடந்துகொண்டிருக்கும். கூத்து தொடங்க இரவு பத்தைத் தாண்டும். பாயும் சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டியங்காரன் பேசுவது காதில் விழும் தூரத்தில் உட்காருங்கள். இரவு முழுதும் முடியாது என்றால் கடைசி நாள் காலை படுகளத்துக்காவது போய் வாருங்கள். பீமன் துரியோதனனின் தொடையில் அடிக்க, சிவப்பு நீர் பீறிட, திரௌபதி கூந்தலை முடிவதை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.