எலும்பின் வம்சாவளி

நதிமூலமும் ரிஷிமூலமும் விசாரிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். காவிரியில் குளிக்கப் போனவன் தலைக்காவிரியைப் பற்றிக் கேள்வி கேட்டுக் கொண்டு படித்துறையிலேயே நின்றால் ஸ்நானம் நடக்காது. ஆனால், மூலத்தை விசாரிக்காமல் ஓர் அடி கூட எடுத்து வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. உயிரணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்துப் பார்க்கிற ஆராய்ச்சிசாலைதான் அது. அங்கே இந்தப் பழமொழியைக் கடைப்பிடித்ததால் வந்த நஷ்டம் கொஞ்சமல்ல.

எலும்பு என்றால் நமக்குச் சுடுகாட்டு நினைவுதான் வருகிறது. உண்மையில் அது உயிருள்ள பொருள். அதைக் கட்டுகிற உயிரணுக்களும் கரைக்கிற உயிரணுக்களும் நம் ஆயுள் முழுவதும் உள்ளே வேலை செய்து கொண்டிருக்கின்றன. முழங்கால் மூட்டில் மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்புக்கும் அதற்கே உரிய உயிரணுக்கள் உண்டு. இவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க, நடமாடும் மனிதனின் தொடையைத் தினமும் திறந்து பார்க்க முடியுமா? ஆகவே, ஒரு தடவை எடுத்த உயிரணுவைப் பாத்திரத்தில் பெருகவிட்டு, அதன் பிள்ளை, பேரன், கொள்ளுப் பேரன் என்று வளர்த்துக் கொண்டே போகிறார்கள். ஆராய்ச்சிசாலையில் இதற்குச் ‘செல் லைன்’ என்று பெயர். நாம் ‘உயிரணு வம்சம்’ என்று சொல்லலாம்.

இந்தக் கலைக்கு வயது நூறுக்குச் சற்று அதிகம். 1907-ல் அமெரிக்காவில் ராஸ் ஹாரிசன் என்பவர் தவளைக் கருவின் நரம்பை ஒரு துளி நிணநீரில் வளர்த்துக் காட்டினார். 1912-ல் அலெக்ஸிஸ் காரல் கோழிக் கருவின் இருதயத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து வளர்க்க ஆரம்பித்தார். அவர் 1944-ல் காலமானார். அந்த வளர்ப்போ 1946 வரை நடந்தது. உயிரணுவுக்குச் சாவே கிடையாது என்று உலகம் நம்பியது. 1961-ல் லெனார்டு ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் கணக்குப் பார்த்தார்கள். மனிதனின் சாதாரண உயிரணு சுமார் 50 தடவை பிரிந்ததும் ஓய்ந்து போகிறது என்று கண்டார்கள். காரல் ஊற்றிய கருச்சாற்றோடு புதிய உயிரணுக்களும் உள்ளே போயிருக்கலாம் என்று பின்னால் பலர் கருதினார்கள். ஐம்பது வருஷ நம்பிக்கை அப்படி உடைந்தது.

எலும்பின் கதையில் முதலில் வணங்கத் தக்கவர் ஹானர் ஃபெல் என்ற பெண்மணி. கேம்பிரிட்ஜில் மூட்டு நோய்களை ஆராய்வதற்காக ஸ்ட்ரேஞ்ச்வேஸ் என்ற மருத்துவர் ஏற்படுத்திய ஆராய்ச்சிசாலை அவருடையது. அவர் 1926-ல் இறந்த பிறகு அதைக் கட்டிக் காத்து, 1970 வரை தலைமை தாங்கி நடத்தியவர் ஃபெல். சில நாள் வயதுள்ள கோழிக் கருவின் தொடையெலும்பை அவர் முழுசாக எடுத்து ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தார். உடம்பு இல்லை, ரத்த ஓட்டம் இல்லை, தாய்க்கோழியின் சூடும் இல்லை. ஆனாலும் அந்தக் குட்டி எலும்பு நீண்டது. தொடையெலும்புக்கு உரிய வடிவத்தையும் எடுத்துக் கொண்டது! ராபர்ட் ராபிசனோடு சேர்ந்து 1929-ல் இதை அவர் வெளியிட்டார். எலும்பு இறுகும் இடத்தில் ‘பாஸ்படேஸ்’ என்ற நொதி மிகுந்திருப்பதைக் கண்டவர் ராபிசன். எலும்பு உயிரணுவுக்கு இன்றும் அந்த நொதி ஓர் அடையாளச் சீட்டு.

ஆனால் கோழி எலும்பு முடிந்து போகும். தீராத சரக்கு வேண்டும் என்றபோது விஞ்ஞானிகள் கட்டிகளிடம் போனார்கள். சாதாரண உயிரணு ஓய்ந்து போகும். புற்றுநோய் உயிரணுவோ ஓய்வதே இல்லை. எலும்பில் வரும் ஒரு வகைப் புற்றுநோய் வளரும் பிள்ளைகளை அதிகம் தாக்குவது. இன்று உலகம் முழுவதும் ‘எலும்பு’ என்ற பெயரில் வளர்க்கப்படும் மூன்று புகழ் பெற்ற வம்சங்களின் மூலம் இதுதான்: 1964-ல் 15 வயதுப் பெண் ஒருத்தியின் கால் எலும்புக் கட்டியிலிருந்து வந்தது யு-2 ஓஎஸ், 1973-ல் 11 வயதுச் சிறுமியிடமிருந்து வந்தது சாவோஸ்-2, 1977-ல் வெளியுலகுக்கு வந்த எம்ஜி-63, 14 வயதுப் பையனுடையது.

மூன்றும் எலும்புதானே, எதை எடுத்தால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் வம்பு. சாவோஸ்-2 அந்தப் பாஸ்படேஸை ஏராளமாகச் செய்யும். சுண்ணாம்பு உப்பைப் படிய வைக்கும். எம்ஜி-63 அந்த வேலையில் சோம்பேறி. பெல்ஜியத்தில் அதை உண்டாக்கியவர்களுக்கு வேண்டியிருந்ததும் எலும்பல்ல. ‘இன்டர்பெரான்’ என்ற பொருளை நிறையத் தயாரிக்கத்தான் அதை வளர்த்தார்கள். கட்டி வராமல் காவல் காக்கும் பி53 என்ற மரபணு யு-2 ஓஎஸ்ஸில் பழுதில்லாமல் இருக்கிறது. சாவோஸ்-2-ல் அது இல்லவே இல்லை. எம்ஜி-63-ல் மருந்தைப் போட்டுவிட்டு, “இந்த மருந்து எலும்பை இறுக்காது” என்று ஒருவர் எழுதினால், பழி மருந்தின் மேலா, கையில் எடுத்த வம்சத்தின் மேலா?

இதைவிட மோசமான கூத்தும் உண்டு. 1951-ல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்த உயிரணுக்கள் காட்டுத் தீ போல் பெருகின. அவர் அந்த வருஷமே இறந்து போனார். 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் ஒரு நொதியின் ரகத்தை வைத்துச் சோதித்தார். வெவ்வேறு மனிதர்களுடையவை என்று நம்பி வளர்த்த 18 வம்சங்கள் அந்த ஒரே பெண்மணியுடையவையாகத் தோன்றுகின்றன என்று சபையில் சொன்னார். ஈரல் என்றும் குடல் என்றும் சீட்டு ஒட்டியிருந்த பாத்திரங்களில் கூட அவருடைய உயிரணுதான் வளர்ந்தது என்று பின்னர் தெரிந்தது. மூலம் விசாரிக்காததற்குக் கூலி!

அப்படியானால் கட்டி உயிரணுவை நம்பவே கூடாதா? அதுவும் சரியல்ல. மெல்போர்னில் ஜாக் மார்ட்டின் என்பவரின் குழு எலியின் எலும்புக் கட்டி ஒன்றை ஆராய்ந்தது. கதிர் வீசும் பாஸ்பரஸால் உண்டாக்கிய கட்டி அது. யுஎம்ஆர்-106 என்ற வம்சம் அதிலிருந்து வந்தது. கெட்டுப்போன குடும்பந்தான். ஆனாலும் ஒரு குணம் அதனிடம் கெடாமல் இருந்தது: பாராதைராய்டு ஹார்மோனின் குரல் அதற்குக் கேட்டது. எலும்பைக் கரைக்கச் சொல்லும் அந்த ஹார்மோன், கரைக்கும் உயிரணுவிடம் நேரே பேசவில்லை, கட்டும் உயிரணுவின் மூலமாகத்தான் சொல்லி அனுப்புகிறது என்று 1981-ல் கிடியன் ரோடனும் மார்ட்டினும் எழுதினார்கள். அந்தத் தூது எது என்று தேடியவர்கள் 1990-களின் கடைசியில் அதைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தடுக்கும் டெனோசுமாப் என்ற மருந்து 2010-ல் எலும்புத் தேய்மானத்துக்கு அனுமதி பெற்றது. ஒரு பாட்டியின் இடுப்பு முறியாமல் இருப்பதற்கு எலியின் கட்டியும் சாட்சி சொல்லியிருக்கிறது.

புற்றுநோய் வேண்டாம் என்றவர்களுக்கு ஜப்பானியர் ஒரு வழி காட்டினார்கள். பிறந்த சுண்டெலியின் மண்டையோட்டிலிருந்து எம்சி3டி3-இ1 என்ற வம்சத்தை உண்டாக்கினார்கள். வைட்டமின் சி-யும் பாஸ்பேட்டும் கொடுத்தால் அது பாத்திரத்திலேயே எலும்பு போல் இறுகுகிறது. ஆனால் 1999-ல் அதன் கிளைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, சில நன்றாக இறுகின. சில இறுகவே இல்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒரே குணமாகவா இருக்கிறார்கள்?

குருத்தெலும்பு இன்னும் ரோஷக்காரச் சாதி. தட்டையான பாத்திரத்தில் பரப்பினால் அது தன் சுபாவத்தையே மறந்து விடுகிறது. உருண்டையாக இருந்தது நீண்டு தட்டையாகிறது; தனக்கு உரிய இரண்டாம் வகைக் கொலாஜனை விட்டுவிட்டு, தோலும் தசைநாரும் செய்கிற முதல் வகையைச் செய்யத் தொடங்குகிறது. 1982-ல் பென்யாவும் ஷாஃபரும் அப்படிக் குலம் மறந்த முயல் உயிரணுக்களை, கடற்பாசியிலிருந்து எடுத்த அகரோஸ் கூழில் மிதக்கவிட்டார்கள். அவை மறுபடி உருண்டு திரண்டு, பழைய தொழிலுக்குத் திரும்பின! வம்சம் மட்டும் போதாது, வாழும் இடமும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கதை நாவலாசிரியனுக்குக் கூடக் கிடைக்காது.

இன்று ஆராய்ச்சிசாலைகள் மரபணு ரேகையைப் பார்த்துத்தான் வம்சத்தைச் சேர்க்கின்றன. இது யாருடையது, எத்தனை தலைமுறை தாண்டியது, எதை மறந்தது, எதை மறக்கவில்லை என்று கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். அந்த மூன்று பிள்ளைகளின் பெயர் பட்டியலில் இல்லை. 15, 11, 14 என்று வயது மட்டுமே இருக்கிறது. அவர்கள் விட்டுப் போன உயிரணு எதற்குச் சாட்சி சொல்ல வல்லது என்று தெரிந்துகொண்டு கேட்பதே அவர்களுக்குச் செய்கிற மரியாதை.