ஆவணமும் மனவடுவும்: கண்டிப் பிரதேச மலையகச் சான்றுகள் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்றாய்வாளனுக்கு ஆவணம் ஒரு சான்று. அதிற் பெயர் பதியப்பட்டவரின் பேரனுக்கோ அது சிலவேளை ஒரு காயம். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கண்டிப் பிரதேச மலையகத் தமிழரை முன்வைத்து நோக்குவதே எமது எண்ணம்.

மலையக மக்களைப் பொறுத்தவரை ஆவணம் அவர்தம் வாழ்வைத் தீர்மானித்த கருவியாகும். 1921 இல் ஒழிக்கப்படும்வரை ‘துண்டு’ என்னும் கடன்சீட்டே தொழிலாளரைத் தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றியது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தை வழிப் பிறப்புக்கும், 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் தொடர்ச்சியான வதிவுக்கும் சான்று கோரின. செக்றோல் இருந்ததோ துரையின் கந்தோரில். உரிமை கோரியவர் இருந்ததோ லயத்தில். 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களை எண்களாகவே நோக்கிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் ஒதுக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் 1974 இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இப்பங்கீட்டினாற் குடும்பங்கள் பிளவுண்டன.

இத்தகைய வரலாற்றைச் சுமந்து வருபவருக்கு ஆவணக்காப்பகம் அறிவுக்களஞ்சியமாகத் தோன்றுவதில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கந்தோராகவே தோன்றும். அடையாளச் சான்று கேட்பதும் படிவம் நிரப்பச் சொல்வதுங்கூடப் பழைய விசாரணையை மீள நடத்துவதாகிவிடலாம்.

மனவடுவை உணர்ந்து செயற்படும் முறை உளநலப் பணியில் உருவானது. பாதுகாப்பு, நம்பிக்கை, தெரிவுரிமை, கூட்டுழைப்பு என்பன அதன் அடிப்படைகள். அவுஸ்திரேலியாவிற் பராமரிப்பு இல்லங்களில் வளர்ந்தோர் தம் கோப்புகளைத் தேடிச் சென்ற அனுபவம், இம்முறையை ஆவணக்காப்பகத்துள்ளும் கொண்டுவந்தது.

இங்கு இதன் பொருள் யாது? கோப்பினைக் கையளிக்குமுன் அதிலுள்ளதை எடுத்துக்கூறுதல். இன்று பார்ப்பதா, பின்னர் பார்ப்பதா என்பதை வந்தவரிடமே விடுதல். ‘கூலி’ என்ற சொல்லை மூலத்தில் அழியாது காத்து, நாம் எழுதும் விவரப் பட்டியலில் ‘தொழிலாளர்’ எனக் குறித்தல். வாய்மொழிச் சாட்சியம் தந்தவர் அதனைத் திரும்பப் பெறும் உரிமையை ஏற்றல். இழப்புகளை நாள்தோறும் வாசித்துப் பட்டியலிடும் ஊழியரின் உளச்சுமையும் கருதப்படல் வேண்டும்.

கண்டியில் 1972 இல் தொடங்கப்பெற்ற சத்தியோதயமும், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 இற் கம்பளைக்கு அண்மையில் அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகமும் மலையக மக்களின் வரலாற்றை அவர்தம் நிலைநின்று நோக்கியவை. கந்தோரின் ஏட்டுக்கு எதிரே லயத்தின் நினைவையும் சான்றாக வைப்பதே கூட்டுழைப்பின் முதற்படி.

கூலிப் பிரச்சினையையும் காணிப் பிரச்சினையையும் உளவியலாகச் சுருக்கும் முயற்சி இதுவென முற்போக்காளர் ஐயுறலாம். அவ்வையம் நியாயமானதே. வாசிப்பறையின் கனிவு பறிக்கப்பட்ட உரிமைக்கு ஈடாகாது. ஆயினும் தம் ஆவணத்தை அஞ்சாது அணுக இயலாத மக்கள், அதனைக் கொண்டு உரிமை கோருவதெங்ஙனம்? உண்மையை மறைப்பதன்று இம்முறை. அவ்வுண்மைக்கு உரியவரே முதலில் அதனை வாசிக்க வழிசெய்வதாகும்.