பூட்டிய அரங்கில் ஒரு ஞாயிறு

1933-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஒரு கறுப்பின மாணவர், நேராக ஜேம்ஸ் நைஸ்மித்தின் அறைக்குப் போய், இனி நீங்கள்தான் என் வழிகாட்டி என்றார். யார் சொன்னது என்று கேட்டார் நைஸ்மித். அப்பா சொன்னார் என்றார் மாணவர். அப்பாவே சொன்னபின் மறுபேச்சு ஏது என்று நைஸ்மித் அவரைச் சேர்த்துக்கொண்டார். 1891-இல் கூடைப்பந்து என்ற ஆட்டத்தையே உருவாக்கியவர் அவர். வந்து நின்ற பையன் ஜான் மெக்லெண்டன்.

அங்கே உடற்கல்வி படிக்க வந்த முதல் கறுப்பின மாணவர் மெக்லெண்டன். படிக்கலாம், ஆனால் பல்கலைக்கழக அணியில் ஆட முடியாது. அந்த அணியில் ஒரு கறுப்பின வீரர் இடம்பிடிக்க 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டத்துக்கு நீச்சல் கட்டாயம் என்பதால் அவர் நீச்சல்குளத்தில் இறங்கினார். அவர் கரையேறியதும் குளத்துத் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை, நைஸ்மித்தும் பக்கபலமாக நின்றார். கடைசியில் குளம் எல்லோருக்கும் பொதுவாயிற்று.

அணிக்கு வெளியே நிறுத்தப்பட்ட அந்த மாணவருக்கு, ஆட்டத்தைப் படைத்தவரே ஆசானாக வாய்த்தார். பந்து எங்கே கைக்கு வருகிறதோ அங்கேயே தாக்குதல் தொடங்குகிறது, எங்கே கைநழுவுகிறதோ அங்கேயே தடுப்பாட்டம் தொடங்குகிறது என்பது நைஸ்மித்தின் பாடம். அன்றைய அணிகள் பந்தை நிதானமாக நகர்த்தி, வளையத்தை நெருங்கியபின்தான் வேகம் காட்டும். மெக்லெண்டன் ஆடுகளம் முழுவதையும் போர்க்களமாக எடுத்துக்கொண்டார். வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்து (ரீபவுண்ட்) கைக்கு வந்த கணமே ஐந்து பேரும் எதிர்ப்பக்கம் பாய வேண்டும், பந்தை இழந்த கணமே எதிராளியை அவன் எல்லையிலேயே மறிக்க வேண்டும். இப்படி ஆடுவதற்கு நுரையீரல் வேண்டும். அதனால் அவருடைய பயிற்சியில் பந்தைத் தொடுவதற்கு முன்பே நெடுந்தூர ஓட்டம் உண்டு. ‘ஃபாஸ்ட் பிரேக்’ என்ற வேகத் தாக்குதலை ஒரு முறையான கலையாக வளர்த்தவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் அவர் என்பதில் ஐயமில்லை.

1937-இல் வட கரோலினாவின் டர்ஹம் நகருக்கு வந்தார். அங்கே கறுப்பின மாணவர்களுக்கென இருந்த கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்து, 1940-இல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அதே ஊரில்தான் வெள்ளையர்களுக்கு மட்டுமான டியூக் பல்கலைக்கழகமும் இருந்தது. போர்க்காலம் என்பதால் இராணுவப் பயிற்சித் திட்டத்தின் கீழ் டியூக் மருத்துவப் பள்ளிக்கு வந்திருந்தவர்களில், வேறு கல்லூரிகளில் ஆடிப் பழகிய நல்ல வீரர்கள் பலர். ஊரில் எங்கள் அணிதான் வலியது என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டிருந்தது. நேருக்கு நேர் மோத மட்டும் வழியில்லை.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரே தேவாலயத்தில் இருக்கும் நேரம் பார்த்து டியூக் மாணவர்கள் கார்களில் புறப்பட்டார்கள். சுற்றுவழியில் வந்து, மேல்சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்தியபடி கறுப்பினக் கல்லூரியின் அரங்கத்துக்குள் நுழைந்தார்கள். கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டது. நடுவர் இருந்தார், கடிகாரம் ஓடியது, பார்வையாளர்கள் கிடையாது. சேதி கசிந்து ஓடிவந்த சில மாணவர்கள் மட்டும் சன்னலில் தொற்றி எட்டிப் பார்த்தார்கள். தொடக்கத்தில் இரு பக்கமும் கை நடுங்கியது. பந்து வளையத்தில் விழவில்லை. பிறகு மெக்லெண்டனின் பையன்கள் ஓடத் தொடங்கினார்கள். முடிவு 88–44.

அதோடு கலையவில்லை. இரு அணிகளையும் கலந்து, பாதிப் பேர் சட்டையோடும் பாதிப் பேர் சட்டையில்லாமலும் இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். எனக்கு அந்த முதல் வெற்றியைவிட இந்த இரண்டாவது ஆட்டமே பெரிதாகப் படுகிறது. கறுப்பனும் வெள்ளையனும் ஒரே அணியில் நின்று ஒருவருக்கொருவர் பந்து கொடுத்தது அன்றைய வட கரோலினாவில் சட்டத்தையும் வழக்கத்தையும் மீறிய செயல். அது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அதே ஆண்டு ஜூலையில் அதே டர்ஹமில் நடந்தது சான்று. பேருந்தின் பின்பகுதிக்குப் போவது பற்றி எழுந்த வாக்குவாதத்தில் புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்பினப் படைவீரரை ஓட்டுநர் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

ஆட்டம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சேதி தெரிந்த உள்ளூர்ப் பத்திரிகையாளரும் எழுதவில்லை. வரலாற்றாசிரியர் ஸ்காட் எல்ஸ்வொர்த் 1996-இல் எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

1946-இல் கறுப்பினக் கல்லூரிகளுக்கான சி.ஐ.ஏ.ஏ. போட்டித்தொடரைத் தொடங்க மெக்லெண்டன் முன்னின்றார். முதல் கோப்பையையும் அவர் அணியே வென்றது. பின்னாளில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் புகழ்பெற்ற சாம் ஜோன்ஸ் டர்ஹமில் அவரிடம் பயின்றவர்.

1954-இல் நாஷ்வில்லின் டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரிக்குப் போனார். என்.ஏ.ஐ.ஏ. என்ற சங்கத்தின் தேசியப் போட்டிக்குள் கறுப்பினக் கல்லூரிகளை நுழையவிடச் சொல்லிப் பல ஆண்டுகள் மன்றாடியவர்களில் அவரும் ஒருவர். கதவு திறந்த பிறகும் தலைகுனிந்து நுழையவில்லை. போட்டி நடந்த கான்சாஸ் சிட்டியில் மற்ற அணிகள் தங்கும் இடத்திலேயே தன் அணிக்கும் அறை வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். டிக் பார்னெட், ஜான் பார்ன்ஹில் போன்றவர்களை வைத்து 1957, 1958, 1959 என அடுத்தடுத்து மூன்று முறை தேசியப் பட்டம் வென்றார். அதற்கு முன் எந்தக் கல்லூரிப் பயிற்சியாளரும் தொட்டிராத சாதனை இது.

பிறகு கிளீவ்லாந்து பைப்பர்ஸ் என்ற தொழில்முறை அணி. உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டெயின்பிரென்னரோடு ஒத்துப்போகாமல் பாதியில் விலகினார். 1966-இல் கிளீவ்லாந்து ஸ்டேட் அவரை அழைத்தபோது, வெள்ளை மாணவர்கள் பெரும்பான்மையாக இருந்த பல்கலைக்கழகம் ஒன்றில் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் ஆனார். அங்கே மூன்று பருவங்களில் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம்.

1979-இல் கூடைப்பந்துப் புகழ்மன்றம் அவரைச் சேர்த்தது, ஆனால் ‘பங்களிப்பாளர்’ என்ற பிரிவில். மூன்று தேசியப் பட்டம் வென்றவரைப் பயிற்சியாளர் என்று சொல்லாமல் விட்டது பெரும் குறை. 1999-இல் அவர் காலமானார். பயிற்சியாளர் என்ற தகுதியில் அதே மன்றம் மீண்டும் அவரைச் சேர்த்தது 2016-இல். அவருடைய டென்னசி அணிகளுக்கும் அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று முதுமையிலும் அலைந்து போராடினார் டிக் பார்னெட். அணிகள் 2019-இல் உள்ளே சென்றன, பார்னெட் 2024-இல்.