ஒரு செருகியின் சரித்திரம்

பிள்ளைகளைப் பார்ப்பதற்காக இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் புறப்படுகின்ற பெற்றோரும், கோடை விடுமுறைக்கு ஊர் வருகின்ற பிள்ளைகளும் ஒரு கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. "எல்லா இடத்திலும் மின்சாரம் மின்சாரந்தானே? பிறகேன் நாட்டுக்கு நாடு வேறு வேறு துளைகள்?" கேள்வி சிறியது. விடையோ ஏறத்தாழ நூற்று நாற்பது வருடச் சரித்திரம்.

1882 செப்ரெம்பரில் நியூயோர்க்கின் பேர்ள் தெருவில் தோமஸ் எடிசன் தமது மின்நிலையத்தை இயக்கினார். அவர் வழங்கியது சுமார் 110 வோல்ற் நேரோட்டம். அக்காலக் காபன் இழை விளக்குகளுக்கு அந்த அளவே பொருந்தியது. பின்னர் ஆடலோட்டத்திடம் எடிசனின் முறை தோற்றது. ஆனால் வீடுகளில் தொங்கிய விளக்குகளை எவரும் கழற்றி எறியவில்லை. ஆகவே மின்னோட்டத்தின் வகை மாறியபோதும் மின்னழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிலைத்தது. வட அமெரிக்காவின் இன்றைய 120 வோல்ற் அந்த விளக்குகளின் வாரிசு.

பேர்லின் நகரின் மின்விநியோக நிறுவனம் 1899இல் வேறு கணக்குப் போட்டது. மின்னழுத்தத்தை இரட்டித்து 220 வோல்ற் ஆக்கினால், அதே வலுவை அனுப்பப் பாதி மின்னோட்டமே போதும். செப்புக் கம்பியும் மெலிதாக இருக்கலாம். வாடிக்கையாளரின் விளக்குகளையும் மோட்டார்களையும் மாற்றுகின்ற செலவை, மிச்சப்படுகின்ற செப்பின் விலையே ஈடுசெய்யும் என்று கண்டார்கள். மற்றைய ஐரோப்பிய நகரங்களும் அவ்வழியே சென்றன. அமெரிக்காவில் அதற்குள் வாடிக்கையாளர் தொகை பெருகியிருந்தது. முந்திக்கொண்டவருக்கே மாறுவது கடினமாயிற்று.

யப்பானின் கதை இன்னும் விசித்திரமானது. தோக்கியோ ஜேர்மனியிடமிருந்து 50 ஹேர்ட்ஸ் மின்பிறப்பாக்கிகளை வாங்கியது. ஒசாக்கா அமெரிக்காவிடமிருந்து 60 ஹேர்ட்ஸ் இயந்திரங்களை வாங்கியது. ஒரே நாடு மீடிறனால் இரண்டாகப் பிளந்தது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் கிழக்கின் மின்நிலையங்களை முடக்கியபோது, மேற்கிலிருந்து போதிய மின்சாரத்தை அனுப்ப முடியவில்லை. இரண்டையும் இணைத்த மாற்றி நிலையங்களின் கொள்ளளவு ஏறத்தாழ 10 இலட்சம் கிலோவாற் மாத்திரமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டு கொள்வனவுகளுக்கு மக்கள் இருபத்தோராம் நூற்றாண்டில் இருளிலிருந்து விலை கொடுத்தார்கள்.

எமது சுவர்களுக்கு வருவோம். ஆரம்பத்தில் வீடுகளுக்கு மின்சாரம் வெளிச்சத்துக்காகவே வந்தது. மின் அழுத்தியையும் விளக்குப் பிடியிலேயே மாட்டினார்கள். செருகியும் குதையும் பின்னரே வந்தன. ஒவ்வொரு நாட்டு உற்பத்தியாளரும் தமக்குப் பிடித்த வடிவில் செய்தனர். பிரித்தானியா 1934இல் வட்ட முனைச் செருகிகளுக்கு நியமம் வகுத்தது. அவை பேரரசின் கப்பல்களில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தென்னாபிரிக்காவுக்கும் வந்து சேர்ந்தன.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், போருக்குப் பிந்திய வீடமைப்புக்கான மின்னிணைப்பைத் திட்டமிட ஒரு குழு கூடியது. அதிலிருந்த ஒரே பெண், மின்பொறியியலாளர் கரோலைன் ஹாஸ்லெற். செப்புத் தட்டுப்பாடு ஒருபுறம், சிறுவரின் பாதுகாப்பு மறுபுறம். விளைவாக 1947இல் பிறந்ததே 13 அம்பியர் சதுர முனைச் செருகி. அதற்குள்ளேயே உருகி இருக்கும். நீளமான புவி முனை முதலில் நுழைந்து, மற்றைய இரு துளைகளின் மூடிகளைத் திறக்கும். குழந்தையின் விரலோ ஊசியோ உயிருள்ள கம்பியைத் தொடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

மறுவருடம் இலங்கை சுதந்திரமடைந்தது. பிரித்தானியா பழைய செருகியைப் படிப்படியாகக் கைவிட்டது. நாம் பழையதையும் வைத்துக்கொண்டு புதியதையும் சேர்த்துக்கொண்டோம். 5 அம்பியர், 15 அம்பியர் வட்டம், 13 அம்பியர் சதுரம் என ஒரே வீட்டில் மூன்று வகை. 2016இல் சதுர முனையே தேசிய நியமம் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் பழைய சுவர்கள் வர்த்தமானி வாசிப்பதில்லை.

பயணப் பெட்டி அடுக்குவோர் இரண்டு விடயங்களை வேறுபடுத்த வேண்டும். பொருத்தி துளையின் வடிவத்தை மட்டும் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. கைத்தொலைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் மின்னேற்றிகளில் பெரும்பாலும் "100-240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ்" என்று பொறித்திருக்கும். அவற்றுக்குப் பொருத்தியே போதும். கனடாவில் 120 வோல்ற்றுக்கென வாங்கிய 1500 வாற் தலைமயிர் உலர்த்தியை எமது 230 வோல்ற்றில் செருகினால், அது ஏறத்தாழ 5500 வாற்றை இழுக்க முயன்று கருகும். மின்னழுத்தம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு என்பது விதி. ஊரிலிருந்து மிக்சியைக் கனடாவுக்குக் கொண்டுசெல்வோருக்கு, அதன் வாற்றை விடக் கூடிய கொள்ளளவுள்ள நிலைமாற்றி தேவை. மாவரைக்கும் கிரைண்டரில் நிலைமாற்றியாலும் தீராத சிக்கல் ஒன்றுண்டு: நிலைமாற்றி மீடிறனை மாற்றாது, 60 ஹேர்ட்ஸில் அதன் தூண்டல் மோட்டார் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடிய வேகத்தில் சுழலும்.

இவை பொருள் நட்டம். உயிர் நட்டம் வேறு. இரு முனைச் செருகியைச் சதுரக் குதையில் நுழைப்பதற்காக, புவித் துளைக்குள் பென்சிலைச் செருகி மூடியைத் திறக்கும் வழக்கம் எமது வீடுகளில் இன்றும் உண்டு. குழந்தைகளுக்காக 1947இல் அமைத்த காப்பைக் குழந்தைகளின் கண் முன்னாலேயே உடைக்கிறோம். மலிவான பயணப் பொருத்திகள் பலவற்றில் புவி இணைப்பே இல்லை. மின்தாக்கி இறந்தவர்களைப் பற்றிய நாலுவரிச் செய்திகள் என் மேசையைப் பல தடவை கடந்து சென்றிருக்கின்றன. "மின்னொழுக்கு" என்ற ஒரே சொல்லோடு காரணம் முடிந்துவிடும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பென்சில் இருந்ததா, புவியில்லாத பொருத்தி இருந்ததா என்பதை எந்தப் பத்திரிகையும் அச்சிடுவதில்லை.

மூன்றாவது முனையுள்ள சாதனத்துக்கு மூன்றாவது முனையுள்ள பொருத்தியையே வாங்குங்கள். விலை சற்றுக் கூடத்தான் இருக்கும்.