துலும்: யாருடைய இடிபாடு?

அக்கா குடும்பத்தோடு துலும் போயிருந்தேன். மெக்சிகோவின் கான்குனிலிருந்து தெற்கே 130 கிலோமீட்டர். கரீபியன் கடலோரப் பாறைமேல், மதில் சூழ்ந்த மாயா துறைமுக நகரம். 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் செழித்தது, ஸ்பானியர் வந்தபிறகு கைவிடப்பட்டது என்று வழிகாட்டி முடித்துக்கொண்டார். 'அப்புறம் மாயாக்காரங்க எங்க மாமா போனாங்க?' என்றாள் அக்கா மகள்.

'கைவிடப்பட்டது' என்ற இந்தச் சொல்லாடலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 1839இல் ஹோண்டுராஸின் கோபான் இடிபாடுகளை 50 டாலருக்கு வாங்கியவர் அமெரிக்கப் பயணி ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸ். சிலைகளை நியூயார்க்குக்குப் பெயர்த்துப் போகும் யோசனையும் அவருக்கு இருந்தது. ஆனாலும் நியாயமாகச் சொல்லணும்: எகிப்தியர் கட்டினார்கள் என்பது போன்ற கதைகளை மறுத்து, இவற்றை இந்த மண்ணின் மக்களே கட்டினார்கள் என்று எழுதியவரும் அவர்தான். 1842இல் துலுமுக்கு வந்து, நாங்கள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்த அதே கோயிலுக்குள் தங்கினார்.

ஐந்தே வருஷம். 1847 ஜூலையில் மானுவேல் அந்தோனியோ ஆய் என்ற மாயா தலைவருக்கு மரண தண்டனை. கிழக்கு யுகதான் பற்றிக்கொண்டது. கரும்புத் தோட்டத்துக்குப் பறிபோன சோளக்காடு, தலைவரி, மாதாகோயில் கட்டணம், தீராத கடனுக்குப் பண்ணை உழைப்பு — காரணங்கள் இவை. ஆள்வோர் வைத்த பெயரோ 'சாதிப் போர்'. 'காஸ்டா' ஐபீரியச் சொல். போர்த்துகீசியர் கொண்டுவந்து நம்ம சாதிக்கு ஒட்டியதும் இதைத்தான். நிலத்துக்கான சண்டையை இரத்தவெறியாகச் சுருக்க அந்தப் பெயர் அங்கே வசதியாக இருந்தது.

1850இல் சான் சாந்தா குரூஸ் என்ற இடத்தில், காட்டுக்குள், ஒரு சிலுவை மாயா மொழியில் பேசத் தொடங்கியது. போரை விடாதே என்றது. பின்னாலிருந்து பேசியது யார் என்று துப்புத் துலக்குவதில் சிலருக்கு அலாதி ஆசை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: பாதிரி கொண்டுவந்த குறியையே எஜமானுக்கு எதிராகப் பேசவைத்திருக்கிறார்கள். 1870களில் துலுமும் அந்தச் சிலுவையின் தலமானது. அதன் தலைமையில் இருந்தவர் மரியா உயிகாப் என்ற பெண். ஆக, வழிகாட்டி 'கைவிடப்பட்டது' என்ற கற்களுக்கு நடுவே, அப்போது மெழுகுவர்த்தி எரிந்தது, உத்தரவுகள் பிறந்தன. 1901இல் மெக்சிகோ ராணுவம் சான் சாந்தா குரூஸைப் பிடிக்கும்வரை, அரை நூற்றாண்டு, இந்தப் பகுதி மாயாக்களின் கையில்தான் இருந்தது.

தகவல் பலகைகளில் இதைத் தேடினேன். நான் பார்த்தவற்றில் கட்டடக்கலை இருந்தது, வீனஸ் கிரகம் இருந்தது, மரியா இல்லை. இடிபாடு என்றால் அதில் கடைசியாக வாழ்ந்தவன் ரொம்பக் காலம் முன்பே செத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வாசலில் தொப்பி விற்ற அம்மா பக்கத்துக் கடைக்காரரோடு மாயா மொழியில் ஏதோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். சான் சாந்தா குரூஸ் இன்று பெலிபே கரில்லோ புவெர்தோ என்ற ஊர். தெற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சிலுவையின் கோயில் அங்கே இன்னும் இருக்கிறது. எங்கள் பஸ் வடக்கே திரும்பியது.