செல்பேசி அகலப்பட்டை இடைமுகம்: கட்டளை வரி அமைப்பு

சிம் பொருத்திய மோடத்தை, வரைகலைத் திரையின் துணையின்றிக் கட்டளைகளைத் தட்டியே இணையத்தில் சேர்க்கும் முறை. தரவு வலையமைப்பையும் தொலைபேசியாகப் பாவித்து எண் சுழற்றிக்கொண்டிருந்த பழக்கத்தை யூனிக்ஸ் வழி இயங்குதளங்கள் மெல்ல உதறியதே இதன் வரலாறு.

அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம் நொடிக்கு 300 பிட் வேகமே கொண்டது. ஆனால் ‘ஏடி’ என்று தொடங்கும் கட்டளையை அனுப்பினால் தானே எண் சுழற்றும். அழைப்பை ஏற்கும், துண்டிக்கும். போட்டி நிறுவனங்களும் அதையே பின்பற்ற, ஏடி கட்டளைகள் துறையின் பொதுமொழியாயின. ஜிஎஸ்எம் தரநிலையும் சிம்மின் பின் எண், சிக்னல் அளவு, ஏபிஎன் எனும் அணுகுமுனைப் பெயர் ஆகியவற்றுக்கான கட்டளைகளை அதே மொழியில் வகுத்தது.

சிக்கல் ஜிபிஆர்எஸ், 3ஜி காலத்தில் வந்தது. அவற்றில் தரவு பொட்டலங்களாகப் போகிறது. மறுமுனையில் அழைப்பை எடுக்க எந்த மோடமும் இல்லை. இருந்தும் லினக்ஸ் பயனர் ஏபிஎன்னைப் பதிந்த கையோடு *99# என்ற எண்ணை அழைக்க வேண்டியிருந்தது. அதன்பின் பிபிபிடி நிரல் பிபிபி நெறிமுறையில் பேசி ஐபி முகவரியை வாங்கித் தரும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேச்சு பெரும்பாலும் செல்பேசிக் கோபுரம்வரை போவதே இல்லை, டாங்கிள் எனப்படும் யூஎஸ்பி மோடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். போதாக்குறைக்குப் பல டாங்கிள்கள், செருகியதும் விண்டோஸ் மென்பொருள் அடங்கிய சிடியாகவே தலைகாட்டின. அவற்றை மோடமாக மாற்றவே யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற தனிக் கருவி தேவைப்பட்டது.

2011இல் யூஎஸ்பி மோடங்களுக்காக வெளியான எம்பிஐஎம் தரநிலை கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கும் தரவுக்கும் தனித்தனித் தடம் கொடுத்தது. குவால்காமின் கியூஎம்ஐ நெறிமுறைக்கான இயக்கி 2012இல் லினக்ஸ் 3.4இலும், எம்பிஐஎம் இயக்கி 2013இல் 3.8இலும் சேர்ந்தன. மோடம் இப்போது வலையமைப்பு அட்டையைப் போல, டபிள்யூவான்0 என்ற பெயரில் தெரிந்தது. மோடத்தை மேலாளும் மோடம்மேனேஜர் நிரலின் எம்எம்சிஎல்ஐ கட்டளைக்கு ஏபிஎன்னைக் கொடுத்தால் இணைப்பு கிடைக்கும். ஆனால் ஐபி முகவரியையும் வழித்தடத்தையும் இடைமுகத்தில் பதிப்பது அதன் வேலையன்று. அதை நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் செய்ய வேண்டும், அல்லது பயனரே செய்ய வேண்டும். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

மற்றொரு யூனிக்ஸ் வழி இயங்குதளமான ஓபன்பிஎஸ்டி 2016இல் தன் 6.0 பதிப்பில் எம்பிஐஎம் மோடங்களுக்கான யுஎம்பி இயக்கியைத் தந்தது. ஈதர்நெட்டுக்குப் பயன்படும் இஃப்கான்ஃபிக் கட்டளையே பின் எண்ணையும் ஏபிஎன்னையும் ஏற்கும். ரோமிங்கை அனுமதிப்பதும் தடுப்பதும் அதிலேயே. தனி மேலாண்மை நிரல் எதுவும் வேண்டாம். இதுவரை வந்த வழிகளில் இதுவே செப்பமானது.

எந்த வழியானாலும் பின் எண்ணைத் தொடக்கக் கோப்பில் எழுதுவோர் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பது நல்லது. மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும்; பிறகு பியூகே எனும் திறப்பு எண் இல்லாமல் திறக்காது.