ஆன்டிபயாட்டிக் எடுத்தபின் கால் மதமதக்கிறதா? நரம்பு சொல்வதைக் கேளுங்கள்

ஜொகூர் பாருவிலிருந்து விடியற்காலையில் மோட்டார் எடுத்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் எம்.சி. எடுக்கவே யோசிப்பீர்கள். ‘வீட்ல மிச்சம் இருக்கிற ஆன்டிபயாட்டிக்க போட்டுக்கிட்டா சரியாயிடும்’ என்று தோன்றும். ஆனால், சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் நரம்பையே பாதிக்கலாம். இது அபூர்வம்தான், வந்தால் லேசான விஷயம் இல்லை.

எந்த மருந்துகள்?

முக்கியமானவை சிப்ரோஃப்ளோக்சசின், லீவோஃப்ளோக்சசின், மோக்சிஃப்ளோக்சசின். இவை ஃப்ளோரோகுயினோலோன் வகை. மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுத்தாலும், சில நாள்களிலேயே நரம்புப் பாதிப்பு தொடங்கலாம், நிரந்தரமாகவும் தங்கிவிடலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் எச்சரித்தது. வேறு மருந்து இருக்கும்போது, சைனஸ் தொற்று, சாதாரண சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு இவற்றைத் தவிர்க்கும்படி 2016-இல் அறிவுறுத்தியது.

மெட்ரோனிடசோல், லினெசோலிட் ஆகியவற்றை நீண்ட நாள் எடுத்தாலும் இந்தப் பிரச்சினை வரலாம். காசநோய்க்கான ஐசோனியசிட் உடலில் வைட்டமின் பி6-ஐக் குறைக்கிறது. அதனால்தான் அதோடு பி6 மாத்திரையும் கொடுக்கிறார்கள். அதை ‘வெறும் சத்து மாத்திரைதானே’ என்று விட்டுவிடாதீர்கள்.

எப்படித் தெரியும்?

• கை, கால் விரல்களில் ஊசி குத்துகிற மாதிரி உணர்வு
• பாதத்தில் எரிச்சல், மதமதப்பு
• சூடு, குளிர் சரியாகத் தெரியாமல் போவது
• கை கால் பலவீனம்

இனிப்புநீர் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் உள்ளது. கால் மதமதத்தால், ‘சுகர்தான் காரணம்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். மருந்து தொடங்கிய பிறகுதான் வந்ததா என்று பாருங்கள். ஃப்ளோரோகுயினோலோன் இரத்தச் சர்க்கரையையும் திடீரென இறக்கிவிடலாம்.

பயந்து நிறுத்தலாமா?

அறிகுறி எதுவும் இல்லையென்றால் வேண்டாம். கடுமையான தொற்றில் இதே மருந்துகள் உயிரைக் காப்பாற்றுகின்றன. ஃப்ளோரோகுயினோலோன் எடுக்கும்போது மேலே சொன்ன அறிகுறி வந்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரை அழையுங்கள், மருந்தை மாற்றுவார். காசநோய் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது, கிளினிக்கில் சொல்லுங்கள்.

அடுத்த முறை என்ன செய்யலாம்?

1952 நச்சுப் பொருள் சட்டப்படி, மலேசியாவில் இந்த மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் ஃபார்மசியில் விற்க முடியாது. டாக்டரிடம் போகும்போது இனிப்புநீர், சிறுநீரகக் கோளாறு, முன்பு வந்த மதமதப்பு எல்லாவற்றையும் சொல்லுங்கள். மருந்தின் பெயரையும் கேட்டு வாங்கி, போனில் படம் பிடித்து வையுங்கள்.

பக்க விளைவு வந்தால், தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.விடம் பயனீட்டாளரே நேரடியாகத் தெரிவிக்கலாம். அதற்கென்றே ‘கொன்செர்ஃப்’ என்ற பாரம் இருக்கிறது. நீங்கள் எழுதும் அந்த ஒரு பாரம், அடுத்தவர் காலைக் காப்பாற்றலாம்.